87.7 புது கார் ரேடியோவில் வராதது ஏன்?

ரேடியோ பழுதில்லை. ஷிகாகோவில் 87.7-ல் நீங்கள் கேட்டுவந்த மீடிவி எஃப்எம், சட்டப்படி எஃப்எம் நிலையமே இல்லை. ஆறாம் சானலில் இயங்கும் குறைந்த சக்தி டிவி நிலையம். அமெரிக்காவில் ஆறாம் டிவி சானலுக்கு 82 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை இடம். அதன் ஒலி 87.75-ல் போவதால் பல ரேடியோக்களில் தானாகவே விழுகிறது. டிவி உரிமத்தை வைத்து ரேடியோ நடத்தும் வித்தை இதுதான்!

எஃப்எம் பட்டை அங்கே 87.9-ல்தான் தொடங்குகிறது. உங்கள் புது ரேடியோவும் அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் தானியங்கித் தேடலை விட்டுவிட்டுக் கையால் கீழே நகர்த்திப் பாருங்கள். 87.9-லேயே நின்றால், செட்டிங்ஸில் ட்யூனருக்கான நாடு/பிராந்தியம் (region) என்பதை ஐரோப்பாவுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் 87.5 வரை இறங்கும். ஆனால் ஏஎம் 10-க்குப் பதில் 9 கிலோஹெர்ட்ஸ் படியில் நகர ஆரம்பித்தால் ஏஎம் நிலையங்கள் சரியாகப் பிடிபடாது. எஃப்எம் ஒலியும் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கலாம்.

அப்புறம், இந்த நிலையம் மூடப்பட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். குறைந்த சக்தி டிவி நிலையங்கள் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்த வைத்த கெடு 2021 ஜூலையில் முடிந்தது உண்மைதான். ஆனால் டிஜிட்டல் படத்தோடு அனலாக் ஒலியையும் சேர்த்து அனுப்பச் சில நிலையங்கள் தற்காலிக அனுமதி வாங்கின. 2023-ல் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) அவை தொடரலாம் என்றது. புதிதாக யாரும் நுழைய முடியாது.