ஆர்எக்ஸ்-8 வாங்குமுன் ஆறு எண்களைக் கேளுங்கள்

கேள்வி: மாஸ்டாவின் ஐகானிக் எஸ்பி படத்தைப் பார்த்ததிலிருந்து ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் இன்ஜின்) கார் மீது ஆசை. ஜப்பானில் வேலை பார்க்கிறேன். அந்தக் கார் கிடைக்குமா? இல்லையென்றால் மாஸ்டாவின் பழைய ரோட்டரி கார் ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஐகானிக் எஸ்பி 2023 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சிக்கு வந்த மாதிரி வண்டி. ஷோரூமில் தேடிப் பயனில்லை. அதன் இரண்டு ரோட்டர் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கத்தான். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். ரோட்டரியே சக்கரத்தை இழுக்க, முள் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஏறுகிற சுகம் வேண்டுமென்றால் ஆர்எக்ஸ்-8 ஆறு கியர் மேனுவல்தான். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஓடோமீட்டரை நம்பி வாங்காதீர்கள்.

முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை இருக்கும். அது தேய்ந்தால் கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் பலம்) போய்விடும். அப்புறம் இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டருக்கு ஆறு. ஆகவே கம்ப்ரஷன் ரிப்போர்ட்டில் ஆறு எண்கள் இருக்க வேண்டும். பிஸ்டன் இன்ஜினுக்கான சாதாரண அழுத்தமானி மூன்று முகங்களில் அதிகமானதை மட்டுமே காட்டும். மற்ற இரண்டும் படுத்திருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்று உள்ள கருவியால்தான் அளக்க வேண்டும்.

250 ஆர்பிஎம்மில் புது இன்ஜினுக்கு 8.5, குறைந்தபட்சம் 6.9 (சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ). ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே வித்தியாசம் 1.5-ஐத் தாண்டக் கூடாது. இரு ரோட்டர்களுக்கிடையே 1.0. எந்த வேகத்தில் அளந்தார்கள் என்பதையும் கேளுங்கள். வேகமான ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டால் சோர்ந்த இன்ஜினும் நல்ல எண் காட்டும். 250-க்குத் திருத்திய எண்தான் கணக்கு.

கருவி இல்லாமல் ஒரு சோதனை: 20 நிமிடம் ஓட்டி, இன்ஜினை அணைத்து, 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆன வண்டி சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் கம்ப்ரஷன் போய்க்கொண்டிருக்கிறது. விற்பவர்கள் பேட்டரி, ஸ்டார்ட்டர் மேல் பழி போடுவார்கள். ஆறு எண்கள் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து இக்னிஷன் காயில், அதாவது பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது. மொத்தம் நான்கு. ஒன்று சோர்ந்தாலும் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டில் போய், அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டு அடைத்துவிடும்; அந்தச் சூடு திரும்பி சீல்களைத் தின்னும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையா? நான்கையும் பிளக்குகளோடு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: லீடிங் கீழே, ட்ரெய்லிங் மேலே. இரண்டும் வேறு வகை, இடம் மாற்றி மாட்டக் கூடாது.

வாங்கிய பிறகு மறக்கக் கூடாதது ஆயில். சீல்களுக்கு உயவு கொடுக்க இந்த இன்ஜின் ஆயிலைத் தானே எரிக்கும். அது கோளாறல்ல, வடிவமைப்பே அப்படி. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) எடுத்துப் பாருங்கள்.

குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, நாலடி நகர்த்தி உடனே அணைப்பது கூடாது. பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். நனைந்தே விட்டால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்றுங்கள். அப்போது இன்ஜெக்டர் பெட்ரோல் விடாது. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். அப்படியும் பற்றவில்லையென்றால் பிளக்குகளைக் கழற்றி உலர்த்தி, பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.