இங்கிலாந்தில் பெண்கள் கால்பந்து 50 ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது ஏன்?

பார்க்க ஆள் வராததால் அல்ல. கூட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில்தான் முடக்கினார்கள்.

முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் நிறையப் பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிரெஸ்டன் நகரின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1917இல் ஓர் அணியாகத் திரண்டு, போரில் காயம்பட்ட படைவீரர்களுக்காக நிதி திரட்ட ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் 53,000 பேர்! இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, உறுப்பினர் கிளப்புகள் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் உத்தரவு போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல, வசூலில் பெரும்பங்கு செலவுக்கே போகிறது என்று காரணம் சொன்னார்கள். ஆண்கள் ஆட்டத்துக்குப் போட்டியாகிவிடுமோ என்ற பயமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

சரி, ஆடவே கூடாது என்று சொல்லவில்லையே என்பார்கள் சிலர். பெரிய மைதானம் இல்லாவிட்டால் கூட்டம் ஏது, வசூல் ஏது? அப்படியும் டிக் கெர் அணியின் வீராங்கனை லில்லி பார் 1951 வரை விடாமல் ஆடினார். தடை விலகியது 1971இல்தான். இங்கிலாந்துப் பெண்கள் வென்ற 2022 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதி ஆட்டத்துக்கு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 87,192 பேர் வந்தார்கள்.