ராஃப்டிங் கைடு வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காட்டாற்றில் சுற்றுலாப் பயணிகளை ரப்பர் படகில் அழைத்துச் செல்லும் ராஃப்டிங் கைடு வேலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர்கள் கங்கையிலும் லடாக்கின் ஜன்ஸ்கார் ஆற்றிலும் பருவந்தோறும் படகு இறக்குபவர்கள்.

எனக்கு 22 வயது. கல்லூரி நீச்சல் அணியில் இருந்தேன். ரிஷிகேஷில் கைடு வேலைக்குச் சேர என்ன கற்க வேண்டும்? – வாசகர், கோவை

குளத்தில் கற்ற நீச்சல் மூச்சுக்கும் தைரியத்துக்கும் உதவும். ஆற்றில் நீந்துவது வேறு பாடம். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு இரண்டு விதமாக நீந்தப் பழக வேண்டும். முதலாவது மல்லாந்து மிதப்பது: கால்கள் ஓட்டம் போகும் திசையில், பாத விரல்கள் நீர்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளலாம். இரண்டாவது, குப்புறத் திரும்பிக் கரையை நோக்கிச் சாய்வாக வேகமாக நீந்துவது. எந்த நேரத்தில் எதிலிருந்து எதற்கு மாறுவது என்பதுதான் பயிற்சி.

முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கக் கூடாது. நல்ல நீச்சல்காரர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். கரை பக்கத்தில் தெரிந்ததும் காலை ஊன்றுவார்கள். பாதம் பாறை இடுக்கில் மாட்டும், பின்னாலிருந்து வரும் ஓட்டம் உடலை முன்னால் கவிழ்த்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தும். இடுப்பளவு ஆழத்திலேயே உயிர் போகும். கை தரையைத் தொடும் ஆழம் வரை நீந்திவிட்டு அப்புறம் எழுந்திருங்கள்.

ரிஷிகேஷ் இருக்கும் உத்தரகாண்டில் 2014 முதல் ராஃப்டிங்குக்குத் தனி விதிகள் உள்ளன. முதலுதவி, சிபிஆர் (நின்ற இதயத்துக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு) சான்றிதழோடு மாநிலச் சுற்றுலாத் துறையின் தேர்வில் தேறினால்தான் கைடாகப் படகு ஓட்டலாம். அதற்கு மேல் கற்க விரும்பினால் ஆற்று மீட்புப் பயிற்சிதான் முதலில். கயிறு எறிவது, சிக்கிய படகை இழுப்பது, ஓட்டத்தைக் கடப்பது எல்லாம் சில நாள் தண்ணீருக்குள்ளேயே நடக்கும் பாடங்கள். மருத்துவமனை எட்டாத இடங்களுக்கான விரிவான முதலுதவிப் படிப்பு சுமார் 70, 80 மணி நேரம் நீளும். ஜன்ஸ்கார் போன்ற ஆறுகளுக்குப் போக நினைத்தால் அதைத் தவிர்க்காதீர்கள்.

சான்றிதழ் கையில் இருந்தாலும் குறைந்தது ஒரு பருவம் உதவியாளராக இருங்கள். படகு ஏற்றுவது, காற்றடிப்பது, காலிப் படகை ஓட்டிப் பழகுவது, பாதுகாப்புக் கயாக்கில் (ஒருவர் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) முன்னால் போவது என்று வேலை இருக்கும். ரிஷிகேஷில் பிரம்மபுரியிலிருந்து இறங்கும் சுமார் 9 கிலோமீட்டரில் தொடங்கி, பிறகு ஷிவ்புரியிலிருந்து 16, மரீன் டிரைவிலிருந்து 25 என்று மேலே போவது சரியான வரிசை. பியாசிக்கு அருகே உள்ள ‘தி வால்’ என்ற ரேபிட் (ஆறு பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் இடம்) அந்தப் பகுதியிலேயே கடினமானது. அங்கே போக அவசரப்படாதீர்கள். வந்த இரண்டாவது வாரமே பயணிகளோடு தனியாக அனுப்பும் நிறுவனத்தில் வேலை கிடைத்தால் மறுத்துவிடுங்கள்.

ஆண்டு முழுக்க வேலை இருக்குமா? – வாசகர், திருநெல்வேலி

ஓர் ஊரில் இருக்காது. ரிஷிகேஷில் மழைவெள்ளத்துக்காக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ராஃப்டிங் நிறுத்தப்படும். செப்டம்பரில் நீர்மட்டத்தைச் சோதித்த பிறகே திறப்பார்கள். சில ஆண்டுகளில் அது மாதக் கடைசி வரை தள்ளிப்போகும். கீழே மூடும் அதே மாதங்களில் லடாக்கில் பனி உருகி ஜன்ஸ்காரும் சிந்துவும் ஓடும். அதனால் பலர் ஜூலையில் லே போய்விட்டு, செப்டம்பரில் திரும்புகிறார்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். போன முதல் இரண்டு நாள் ஓய்வு எடுக்காமல் படகு தூக்கினால் தலைவலியும் வாந்தியும் வந்து படுத்துவிடுவீர்கள்.

தெற்கே இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. குடகின் பரபோளே ஆற்றில் மழைக்காலத்தில் மட்டும்தான் ராஃப்டிங். மகாராஷ்டிரத்தின் கோலாட்டில் குண்டலிகா ஆறு, பிரா மின்நிலையம் திறந்துவிடும் தண்ணீரில் ஓடுகிறது. திறக்கும் நேரம்தான் பயண நேரம். தாண்டேலியில் காளி ஆறு சூபா அணையை நம்பியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தொடங்குபவர் குடகிலோ தாண்டேலியிலோ ஒரு பருவம் இருந்து பார்த்துவிட்டு வடக்கே போவது செலவையும் ஏமாற்றத்தையும் குறைக்கும்.

சம்பளம் சில இடங்களில் ஒரு பயணத்துக்கு இவ்வளவு, சில இடங்களில் தங்குமிடம், சாப்பாட்டோடு மாதச் சம்பளம். பயணக் கணக்கில் என்றால் வெள்ளம் வந்து ஆறு மூடும் நாட்களுக்குக் காசு கிடையாது. மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஒகேனக்கல் பக்கம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பரிசல் ஓட்டுகிறோம். அந்த அனுபவம் இதற்கு உதவுமா? – வாசகர், பென்னாகரம்

மிகவும் உதவும். காசு கொடுத்துக் கற்க வருகிறவர்களுக்குப் பல மாதம் ஆகும் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்து அடியில் இருப்பதைச் சொல்வது.

உங்களுக்குத் தெரிந்ததையே ராஃப்டிங்கின் மொழியில் சொல்கிறோம், மற்றவர்களுக்கும் பயன்படும். மேலிருந்து வரும்போது, தண்ணீரில் ஆப்பு போல் விரியும் கோட்டின் கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் அந்த முனையில் பாறை இருக்கிறது. கூர்முனை கீழ்ப்புறம், அதாவது ஓட்டம் போகும் பக்கம் பார்த்து, நடுவில் வழவழப்பாக நாக்கு போல் இறங்கினால் அது வழி. பாறைக்குப் பின்னால் ஓட்டம் அடங்கி மேல்நோக்கித் திரும்பும் தண்ணீரை ‘எடி’ என்பார்கள். படகை நிறுத்தவும், பின்னால் வரும் படகுக்குக் காவல் நிற்கவும் அதுதான் இடம். பாறை மேல் வழிந்து விழுந்த தண்ணீர் தன்மேலேயே திரும்பி மடங்கும் இடம் ‘ஹோல்’. அதன் இரு ஓரங்களும் கீழ்ப்புறம் வளைந்திருந்தால் சிக்கியவரை ஓரமாக வெளியே தள்ளிவிடும். ஓரங்கள் ஓட்டம் வரும் மேல்புறம் வளைந்திருந்தால் மறுபடி மறுபடி நடுவுக்கே இழுக்கும். அதை விட்டு விலகிப் போக வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது, பார்க்கச் சாதுவாகத் தெரியும் தடுப்பணை. கரைக்குக் கரை ஒரே சீராக விழுவதால் வெளியேற ஓரமே கிடையாது. ஓர் ஆள் உயரத் தடுப்பணை என்றாலும் படகைக் கரையேற்றித் தூக்கிக்கொண்டு போங்கள்.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்று. பரிசலில் துடுப்பு உங்கள் கையில், நினைத்தவுடன் திரும்பும். ராஃப்டில் உந்துவிசை முன்னால் இருக்கும் 6 முதல் 8 பேரின் கையில். ‘ஃபார்வர்டு’ என்று நீங்கள் சொல்லி, அவர்கள் கேட்டு, துடுப்பு தண்ணீரில் படுவதற்குள் படகு பல மீட்டர் போய்விடும். கட்டளையை அவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும். ரேபிட்டுக்குள் நுழையும் முன்பே படகின் கோணத்தைச் சரிசெய்துவிட்டால் உள்ளே திருத்த வேண்டியது குறைவு.

கர்நாடக அணைகள் திறந்தால் பரிசலை நிறுத்தும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். அதைக் கங்கையிலும் விடாதீர்கள். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலகநந்தாவும் சேர்ந்துதான் கங்கை. ஒன்றில் டெஹ்ரி அணை, இன்னொன்றில் உத்தரகாண்டின் ஸ்ரீநகர் நீர்மின் திட்டம். ரிஷிகேஷில் வானம் வெளுத்திருக்கும்போதே நீர் ஏறும். புறப்படும் கரையில் ஒரு பாறையைக் குறித்துக்கொண்டு காலையிலும் மதியமும் பாருங்கள். ஒரே ரேபிட் நீர் ஏறினால் சில சமயம் மூழ்கி எளிதாகும், சில சமயம் இரண்டு மடங்கு கொடியதாகும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்க வேண்டும்.

படகில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும்? வெயிலில் வெடிக்கும் என்கிறார்களே? – வாசகி, திருச்சி

சாதாரண 14 அடி ராஃப்டின் வெளிக்குழாய் பெரும்பாலும் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கும். குறுக்குக் குழாய்களும் தரையும் தனி. அழுத்தம் 2 முதல் 2.5 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஓர் அறையை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. பக்கத்து அறை காலியாக இருந்தால் நடுத்தடுப்புச் சுவர் ஒருபக்கமாக இழுபட்டுக் கிழியும். எல்லா அறைகளையும் முக்கால் அளவுக்கு நிரப்பி, பிறகு ஒரு சுற்று வந்து முடிக்க வேண்டும்.

வெயிலில் கிடக்கும் படகில் காற்று விரிந்து அழுத்தம் ஏறும் என்பது உண்மை. மதியச் சாப்பாட்டுக்குக் கரையேற்றினால் கொஞ்சம் காற்றை விடுங்கள், அல்லது பாதி தண்ணீரில் இருக்கும்படி நிறுத்துங்கள். புதியவர்கள் மறப்பது இதன் மறுபக்கத்தை: கரையில் கிண்ணென்று இருந்த படகு குளிர்ந்த கங்கையில் இறங்கிய 10 நிமிடத்தில் தளர்ந்துவிடும். தளர்ந்த படகு அலையில் நடுவே மடங்கும், சொன்ன பக்கம் திரும்பாது. எனவே தண்ணீரில் இறக்கிய பிறகு மறுபடி பம்ப் போட்டுப் பார்த்துத்தான் ஆட்களை ஏற்ற வேண்டும்.

பயணிகளின் லைஃப் ஜாக்கெட்டை நீங்களே பூட்டுங்கள். தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்தால் காதுக்கு ஏறக் கூடாது. துடுப்பின் மேல்முனையில் உள்ள பிடியை உள்ளங்கை மூடியே இருக்க வேண்டும். ராஃப்டில் பல் உடைவதும் மூக்கு உடைவதும் பெரும்பாலும் பாறையால் அல்ல, பக்கத்தில் இருப்பவர் கைவிட்ட பிடியால்தான்.

படகு கவிழ்ந்தால் கைடு என்ன செய்வார்? – வாசகர், சேலம்

கவிழ்வதற்கும் பாறையில் ஒட்டிக்கொள்வதற்கும் வேறு வேறு வைத்தியம். இரண்டாவதுதான் ஆபத்தானது, அதை முதலில் சொல்கிறோம்.

படகு குறுக்காகப் பாறையில் மோதும்போது எல்லோரும் பாறைக்குப் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அந்தப் பக்கக் குழாய் அமுங்கும், ஓட்டம் அதன்மேல் ஏறும், படகு பாறையைச் சுற்றிக்கொள்ளும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தும் விசை நான்கு மடங்கு. பத்துப் பேர் இழுத்தாலும் அசையாது. செய்ய வேண்டியது நேர் எதிர்: ‘ஹை சைடு’ என்று கத்தியதும் எல்லோரும் பாறைப் பக்கக் குழாய்மேல் பாய வேண்டும். மோதுவதற்கு முன்பே பாய்ந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இந்த ஒரு கட்டளையைக் கரையிலேயே மூன்று முறை செய்யவைத்துப் பார்க்காமல் புறப்படக் கூடாது.

அப்படியும் ஒட்டிக்கொண்டால் தலைகளை எண்ணுங்கள். ஆட்களைப் பாறைக்கோ கரைக்கோ மாற்றிய பிறகுதான் படகைப் பற்றி யோசிப்பது. அதற்கு நீளாத கயிறு வேண்டும். எறிபையின் (மீட்புக் கயிற்றை அடைத்து வைத்த, எறிவதற்கான பை) மிதக்கும் கயிறு இழுபட்டு நீளும், அறுந்தால் சாட்டை போல் வரும். ஒரே வளையத்தில் கட்டாமல் இரண்டு மூன்று வளையங்களில் சுமையைப் பகிர்ந்து, கப்பிகள் போட்டு இழுவிசை மூன்று மடங்காகும்படி இழுப்பார்கள். விறைத்து நிற்கும் கயிற்றின் நடுவே ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தொங்கவிடுங்கள், அறுந்தாலும் வேகம் அடங்கும். கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

கவிழ்ந்தால்: படகுக்கடியில் மாட்டியவர் இரு கைகளையும் தலைக்கு மேல் வைத்து, ஒரே திசையில் தடவிக்கொண்டே வெளியே வர வேண்டும். திசையை மாற்றினால் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார். கைடு கவிழ்ந்த படகின்மேல் ஏறி, இடுப்பில் கட்டியிருக்கும் பட்டைக் கயிற்றைப் படகின் ஓரக் கயிற்றில் மாட்டி, எதிர் ஓரத்தில் நின்று பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும். உடனே தலைகளை எண்ண வேண்டும். படகைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களை ஓட்டம் வரும் மேல்புறத்துக்கு நகர்த்துங்கள். கீழ்ப்புறம் இருப்பவர் பாறைக்கும் தண்ணீர் நிறைந்த படகுக்கும் நடுவே நசுங்குவார்.

விலகி மிதந்து போகிறவருக்கு எறிபை. பெயரையோ ‘கயிறு’ என்றோ கத்தி, அவர் திரும்பிப் பார்த்ததும் அவரைத் தாண்டி விழும்படி எறியுங்கள். 15 முதல் 20 மீட்டர் கயிறு அது. தவறினால் கயிற்றை மறுபடி பைக்குள் திணிக்க நேரமில்லை. சுருட்டி எடுத்து, பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு எறியுங்கள், கனத்தால் தூரம் போகும். பிடிப்பவர் பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடிக்க வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

இலங்கையின் கித்துள்கலயில் இந்த வேலை எப்படி? – வாசகி, ஹட்டன்

களனி ஆற்றில் தூரம் குறைவு, ரேபிட்கள் நெருக்கமாக வரும். கற்க நல்ல ஆறு. மேலே உள்ள நீர்மின் நிலையங்களும் தென்மேற்குப் பருவமழையும்தான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. கனமழை நாளில் பயணத்தை நிறுத்தும் முதலாளியாகப் பார்த்துச் சேருங்கள். பெண் என்பதால் தயங்க வேண்டாம். படகைத் திருப்புவது கோணமும் நேரமும்தான், புஜபலம் அதற்கு அடுத்தது.

மகன் கங்கைக்குப் போகிறேன் என்கிறான். நாங்கள் என்ன விசாரிக்க வேண்டும்? – தாய், மதுரை

நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள் அம்மா. பயணிகளுக்கு இருப்பதுபோல் கைடுகளுக்கும் விபத்துக் காப்பீடு உண்டா? ஒவ்வொரு பயணத்திலும் பாதுகாப்புக் கயாக் கூடப் போகிறதா? ஒரு நாளில் எத்தனை முறை இறக்குவார்கள்? தண்ணீர் சரியில்லை என்று கைடு சொன்னால் பயணம் நிற்குமா, அல்லது பணம் வாங்கியாயிற்று என்று அனுப்புவார்களா? கடைசிக் கேள்விக்கான பதிலை அலுவலகத்தில் கேட்க வேண்டாம், அங்கே வேலை பார்க்கும் கைடுகளிடம் தனியாகக் கேட்கட்டும்.

உடம்புக்கு: தோள்மூட்டு விலகுவதுதான் இந்த வேலையின் நோய். துடுப்பைத் தலைக்கு மேலேயோ உடம்புக்குப் பின்னாலோ நீட்டும்போது அலை அடித்தால் மூட்டு கழன்றுவிடும். முழங்கை தோளுக்குக் கீழே, உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பல வருடம் குளிர்ந்த நீர் காதில் பட்டால் காதுக் குழாயில் எலும்பு வளர்ந்து அடைக்கும். காதடைப்பான் போடச் சொல்லுங்கள். ஈரச் செருப்போடு நாள் முழுக்க நின்றால் பாத இடுக்கில் படை வரும். இரவில் காலை நன்றாகத் துடைத்து உலரவைக்கச் சொல்லுங்கள். மாலையில் கூப்பிடும்போது இன்று எத்தனை முறை இறங்கினான் என்றும் கேளுங்கள்.