போர் அழைத்தால் போவீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்ததால், கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கே: போர் மூண்டு, நாடு உங்களை அழைத்தால் போவீர்களா? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோவில்பட்டி

ப: எதிரி எல்லை தாண்டி வந்து, நாடு தன்னைக் காத்துக்கொள்ளப் போரிடும் நிலையில் அழைத்தால் போவேன். பிறர் மண்ணைப் பிடிப்பதற்காகவோ, ஆட்சியில் இருப்பவர்களின் கௌரவத்துக்காகவோ நடக்கும் போர் என்றால் மறுப்பேன். மறுப்பதற்கு உரிய தண்டனையையும் ஏற்பேன்.

மழுப்பாத பதில் இதுதான் என்றாலும், என் வாயிலிருந்து வரும்போது இதற்கு மதிப்புக் குறைவு. எனக்கு அறுபது வயது கடந்துவிட்டது; எந்த ராணுவமும் என்னைத் தேடி வரப்போவதில்லை. தொலைக்காட்சி விவாதங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ‘போர் தொடுத்தே தீர வேண்டும்’ என்று முழங்குகிறவர்களின் வயதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அவர்களில் பலர் என்னைப் போலவே, அழைக்கப்படும் வயதைத் தாண்டிய பாதுகாப்பில் இருந்துகொண்டுதான் பேசுகிறார்கள். தந்தையையோ தமையனையோ ஒரு போரிலும், கணவனை அடுத்த போரிலும் இழந்த பின்பும், ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் நீவி, கையில் வேல் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்பும் தாயைச் சங்கப் பாடல் ஒன்று காட்டுகிறது. அவளுடைய துணிவை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்தச் சிறுவனுக்குப் போக விருப்பம் இருந்ததா என்று பாடலும் கேட்கவில்லை, மேடைப் பேச்சாளர்களும் கேட்டதில்லை.

என் பதிலில் உள்ள பெரிய சிக்கல் வேறு. இது தற்காப்புப் போரா, ஆக்கிரமிப்புப் போரா என்று அழைக்கப்படுகிறவன் எப்படித் தெரிந்துகொள்வான்? தன் போரை ஆக்கிரமிப்பு என்று அறிவித்த அரசு உலகத்தில் இல்லை. வியட்நாம் போருக்கு அழைக்கப்பட்டபோது அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு வயது 25. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில், படையில் சேரும் சடங்கில் தன் பெயர் அழைக்கப்பட்டபோது அவர் முன்வர மறுத்தார். நாட்டை விட்டு ஓடவில்லை. மருத்துவச் சான்றிதழ் தேடவில்லை. உலகப் பட்டம் பறிக்கப்பட்டது. 5 ஆண்டுச் சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் அவர் சிறைக்குப் போகவில்லை; ஆனால் ஒரு குத்துச்சண்டை வீரனின் உச்சமான ஆண்டுகளில் மூன்றுக்கும் மேல் களமிறங்க முடியாமல் கழிந்தன. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தபோதும், போர் தவறு என்று அது சொல்லவில்லை. மத நம்பிக்கையின் பேரில் படைச் சேவையிலிருந்து விலக்குக் கேட்ட அவருடைய மனுவை எந்தக் காரணத்துக்காக ஆள்சேர்ப்பு மேல்முறையீட்டு வாரியம் நிராகரித்தது என்பது தெளிவாக இல்லை என்ற சட்ட நுணுக்கத்தின் பேரிலேயே விடுவித்தது. ‘மறுப்பேன்’ என்று நான் எழுதும்போது, அவர் செலுத்திய விலையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அதைச் செலுத்தும் திராணி இருபத்தைந்து வயதில் எனக்கு இருந்திருக்குமா என்பதற்கு என்னால் உறுதி கூற இயலாது.

கே: விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, இந்திய அரசு நம்மைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ப: இன்றைக்கு அப்படி ஒரு நடைமுறை இல்லை, சுதந்திர இந்தியாவின் படைகள் எப்போதும் தாமாகச் சேர்ந்தவர்களால் ஆனவையே. ஆனால் கதவு அடைக்கப்படவில்லை. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அதன் இரண்டாம் உட்பிரிவிலேயே, பொது நோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவையை விதிக்கலாம் என்று அனுமதிக்கிறது; மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டக் கூடாது என்பதே நிபந்தனை. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில், அழைக்கப்படும்போது நாட்டைக் காப்பதும் தேசப் பணியாற்றுவதும் ஒன்று. அந்தக் கடமையை மட்டும் காட்டி உங்களை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டும்.

1962இல் சீனப் படைகளிடம் பின்வாங்கி, அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில்கூட அப்படிப்பட்ட சட்டம் தேவைப்படவில்லை. பெண்கள் நகைகளைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். திராவிட நாடு கோரிவந்த தி.மு.க., அந்த வேளையில் அரசின் பக்கம் நின்றது. அவசரமாகத் தேவைப்பட்ட அதிகாரிகளைப் பயிற்றுவிக்க 1963இல் சென்னை பரங்கிமலையில் தொடங்கப்பட்ட பள்ளிதான் இன்றைய அதிகாரிகள் பயிற்சி அகாதமி.

முழுநேர ராணுவத்துக்கும் உங்கள் கேள்விக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது: டெரிட்டோரியல் ஆர்மி என்ற பிராந்திய ராணுவம். 1949 அக்டோபரில் அன்றைய தலைமை ஆளுநர் ராஜாஜி தொடங்கிவைத்த இந்தப் படையில், வேறு வேலையில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் சில காலம் பயிற்சி பெறுகிறார்கள். தேவை வரும்போது அழைக்கப்படுகிறார்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானுடனான மோதல் முற்றியபோது, இவர்களை அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு ராணுவத் தளபதிக்கு வழங்கியது. ‘அழைத்தால் போவேன்’ என்பதை அமைதிக் காலத்திலேயே கையொப்பமிட்டுச் சொல்ல விரும்புகிறவருக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

கே: எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் போகிறார்கள். இது தேசபக்தியா, பிழைப்பா?
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

ப: இரண்டும்தான், இதில் யாரும் வெட்கப்பட எதுவும் இல்லை. சம்பளத்துக்காகப் போகும் ஆசிரியரின் அக்கறையை நாம் சந்தேகிப்பதில்லை. படைவீரரிடம் மட்டும் ஏன் கலப்பற்ற தியாகத்தை எதிர்பார்க்கிறோம்? இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் ஏறத்தாழ 25 லட்சம் பேராக வளர்ந்ததே, அவர்களில் எத்தனை பேரை ஆங்கிலேய மன்னர் மீதான பக்தி அழைத்துப் போயிருக்கும், எத்தனை பேரை வீட்டு அடுப்பு அனுப்பியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. போருக்குப் போகும் விருப்பம் நாடெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. நிலமும் தொழிற்சாலையும் குறைந்த ஊர்களின் பிள்ளைகள் ஆள்சேர்ப்பு முகாமில் விடியற்காலையில் ஓடுகிறார்கள். போர் வேண்டும் என்று எழுதும் நகரத்துக் குடும்பங்களின் பிள்ளைகளை அங்கே அதிகம் காண முடிவதில்லை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சேர்கிறவர்களில் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவார்கள். அறிவிப்பு வந்ததும் வடமாநிலங்களில் தெருவில் இறங்கியவர்கள் படையில் சேர மறுத்தவர்கள் அல்லர், அதற்காகவே ஆண்டுக்கணக்கில் உடலைத் தயார் செய்துகொண்டிருந்த இளைஞர்கள். உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவன் ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்பதில் முரண்பாடு எதுவும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

கே: காந்தியை ஏற்றவர்கள் எந்தப் போருக்கும் போகக் கூடாது அல்லவா?
– ஒரு வாசகர், மதுரை

ப: காந்தியே இதை அவ்வளவு எளிதாக விட்டுவைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் இடையே போர் வந்தபோது, போயர்களிடம் தனக்கு அனுதாபம் இருந்தும், பிரிட்டிஷ் குடியுரிமையைக் கோருகிறவர்கள் அதன் கடமையையும் ஏற்க வேண்டும் என்று வாதிட்டு, காயமடைந்தவர்களைச் சுமக்கும் இந்தியப் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் ஏறத்தாழ 300 பேரைத் தவிர மற்ற அனைவரும் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற அத்தகைய கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர் என்பதால், ஸ்பியோன் கோப் குன்றுக்கருகே டோலி தூக்கிய தோள்களில் தமிழர்களுடையவை கணிசமாக இருந்திருக்கும். அந்தக் கூலிகளில் எத்தனை பேர் மனமுவந்து வந்தார்கள், எத்தனை பேர் முதலாளி அனுப்பியதால் வந்தார்கள் என்ற கேள்வியைக் காந்தியின் வரலாற்றை எழுதியவர்கள் இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்கலாம்.

1918இல் அவர் அதையும் தாண்டி, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே ஆள் சேர்க்கக் கிராமம் கிராமமாக நடந்தார். சில மாதங்களுக்கு முன்பு வரிகொடா இயக்கத்தில் அவர் பின்னால் திரண்ட அதே விவசாயிகள், இப்போது வண்டி கொடுக்கவும் தயங்கினார்கள். அகிம்சையைப் போதிப்பவர் ஆயுதம் எடுக்கச் சொல்வது எப்படி என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அலைந்து அலைந்து காந்தி கடுமையாக நோயுற்றதுதான் மிச்சம். மகாத்மா அழைத்தும் போகாத அந்த விவசாயிகளைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழைப்பை எடைபோட்டுப் பார்த்து மறுத்த குடிமக்கள் அவர்கள்.

கே: பெண்களையும் அழைத்தால்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

ப: மேலே சொன்ன 23ஆம் பிரிவின் நிபந்தனைப் பட்டியலில் பாலினம் இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள், ஆகவே கட்டாயச் சேவை வந்தால் ஆண்களை மட்டும் அழைப்பதற்கு அந்தப் பிரிவு தடையாக நிற்காது. நார்வே தன் சட்டத்தை மாற்றி 2015 முதல் பெண்களையும் கட்டாயச் சேவைக்கு உட்படுத்தியிருக்கிறது. இஸ்ரேலில் தொடக்கம் முதலே அப்படித்தான். நம் நாட்டில் தேசியப் பாதுகாப்பு அகாதமியின் நுழைவுத் தேர்வைப் பெண்கள் எழுதுவதற்கே 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. தாமாகப் போக விரும்பியவர்களையே இத்தனை காலம் வாசலில் நிறுத்திய நாடு, அவர்களை அழைப்பதைப் பற்றி யோசிக்க இன்னும் நெடுநாள் ஆகும்.