கரிநாள் கழிந்த மறுநாள் என்ன சாப்பிடுவது? – வாசகர் கேள்வி பதில்

போகிக்கு ஆரம்பித்தது காணும் பொங்கல் வரை ஓயவில்லை. சர்க்கரைப் பொங்கல், வடை, மாட்டுப் பொங்கலன்று ஆட்டுக்கறி, வாசலில் சாத்தி வைத்த கரும்பு. தை பிறந்தபின் வந்த கடிதங்களில் வயிறு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்கள் உணவியல் ஆலோசகர்களும் மருத்துவரும் பதில் சொல்கிறார்கள்.

போகிக்கு முதல் நாள் 68 கிலோ இருந்தேன். காணும் பொங்கலுக்கு மறுநாள் 70.2 காட்டுகிறது. நாலு நாளில் இரண்டு கிலோ கொழுப்பா?
– வாசகி, பாபநாசம்

இல்லை. கணக்கைப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி உபரியாக வேண்டும். 2.2 கிலோவுக்கு 17,000 கலோரி ஆகிறது. 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் பாசிப்பருப்பு, 300 கிராம் வெல்லம், 50 கிராம் நெய், ஒரு கைப்பிடி முந்திரி போட்டுக் கிண்டிய பொங்கலை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஒரு பங்கு 330 கலோரி வரும். வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் மேலே, தினம் பதிமூன்று பங்கு வீதம் நாலு நாளும் தின்றிருந்தால்தான் உங்கள் தராசு சொல்வது கொழுப்பு.

ஏறியது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்தும் இனிப்பும் அதிகமானால் கல்லீரலும் தசையும் அதை கிளைக்கோஜனாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாய், அப்பளம், வடாம், கறிக்குழம்பு வழியே போன உப்பும் நீரைப் பிடிக்கும். மோதிரம் இறுகுவதும் காலையில் முகம் உப்புவதும் அதனால்தான். மலச்சிக்கல் இருந்தால் குடலில் தங்கியதும் எடையில் சேரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். அதுவரை தராசில் ஏற வேண்டாம். பிறகும் அரைக் கிலோ நின்றால் அது நிஜமாகவே கூடியது.

ஒரு விலக்கு உண்டு. இதயம் பலவீனமானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யாருக்காவது இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அதைப் பொங்கல் எடை என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

நாளையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். ஒரு நாள் பட்டினி கிடந்து வயிற்றைக் காலி செய்துவிட்டுத் தொடங்கலாமா? எதை எவ்வளவு சாப்பிடுவது என்று விவரமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், மன்னார்குடி

பட்டினி வேண்டாம். காலையை விட்டு, மதியம் மோரோடு சமாளிப்பவர்களைச் சாயங்காலம் நாலு மணிக்குப் பார்க்க வேண்டும். பசி தலைக்கேறி, கை தானாக முறுக்கு டின்னுக்குப் போகும். ராத்திரி இரட்டைச் சாப்பாடு. மறுநாள் குற்ற உணர்வில் மறுபடி பட்டினி. நாலு நாள் பண்டிகையைப் பதினைந்து நாளாக இழுப்பது இந்தச் சுற்றுதான்.

காலைச் சாப்பாட்டை எப்போதும் சாப்பிடும் நேரத்துக்கே சாப்பிடுங்கள். மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டல் எடுத்துக்கொள்ளலாம். சட்னி இரண்டு ஸ்பூன் போதும். இட்லியோடு நிறுத்தினால் பதினோரு மணிக்குப் பசிக்கும். பயறோ முட்டையோ சேர்ந்தால் மதியம் வரை தாங்கும்.

காபியை விடச் சொல்லவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லவும் முடியாது. ஆனால் டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று நாலு டம்ளர் குடித்தால் எட்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 40 கிராம். இரண்டு டம்ளராக்கி, டம்ளருக்கு ஒரு ஸ்பூனாக்குங்கள்.

மதியச் சாப்பாட்டில்தான் நம் பக்கத்துச் சிக்கல் இருக்கிறது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு மூன்று முறை இலைக்கு வரும். யாரும் அளப்பதில்லை. 200 மில்லி எவர்சில்வர் டம்ளரில் அழுத்தாமல் தலைதட்டினால் 150 கிராம் சோறு, 200 கலோரி. குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். மோருக்குச் சோறு வேண்டாம். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு நீர்மோராகக் குடித்துவிடுங்கள். புதுநெல் அரிசி வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது குழைந்து இறுகி நிற்கும். அதே கரண்டியில் பழைய அரிசிச் சோற்றைவிட அதிகம் ஏறிவிடும்.

சோறு விழும் முன் தட்டில் பாதியைக் காயால் நிரப்புங்கள். அவரை, வாழைத்தண்டு, முள்ளங்கி, முருங்கைக்கீரை எல்லாம் இப்போது மலிவு. இரண்டு கிண்ணம் காய்க்குத் தாளிக்க இரண்டு டீஸ்பூன் எண்ணெய் போதும். சேனை, வாழைக்காய், சர்க்கரைவள்ளியைக் காய்க் கணக்கில் எழுதாதீர்கள், அவை சோற்றுக் கணக்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2,000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து நாளுக்கு 27 கிராம்தான். இரண்டு மெதுவடைக்குப் பிறகு அதில் அதிகம் மிஞ்சாது.

நாலு மணிக்கு எதுவும் தின்னாமல் வைராக்கியமாக இருக்காதீர்கள். அவித்த பனங்கிழங்கு ஒன்று, அல்லது ஒரு கைப்பிடி அவித்த கடலை. வேதாரண்யம் பக்கத்திலிருந்து பனங்கிழங்கு வரும் காலம் இது. நார்ச்சத்து அதிகம், மென்று தின்னவே நேரமாகும்.

ராத்திரி ஏழரை, எட்டுக்குள் இரண்டு தோசையும் காய்க் குழம்பும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் குழம்பு மீன் இரண்டு துண்டு. வறுவல் அடுத்த வாரம். படுக்க இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட்டால் நெஞ்சு கரிப்பு பாதி குறையும். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு பத்து, பதினைந்து நிமிடம் வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு வாருங்கள்.

சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுவதில் பெரிய லாபமில்லை. எண்ணெய் தடவிச் சுட்ட நாலு சப்பாத்தி 500 கலோரியைத் தொடும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனியும் இப்படித்தான்: நார்ச்சத்து கூடுதல், கலோரி ஏறத்தாழ அதே. சிவப்பாக இருக்கிறதே என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு சரியாகப் போய்விடும்.

பொங்கல் கழிந்ததும் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். கொள்ளு ரசமும் கொழுப்பைக் கரைக்குமாமே?
– வாசகி, திருவாரூர்

சாப்பிட்டதன் சத்து சிறுகுடலிலேயே ரத்தத்தில் சேர்ந்துவிட்டது. பேதியில் வெளியேறுவது தண்ணீரும் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளும்தான். எடை ஒரு கிலோ குறைந்ததுபோலக் காட்டி இரண்டு நாளில் திரும்பிவிடும். ரத்த அழுத்தத்துக்கு நீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்யவே கூடாது. மலச்சிக்கல்தான் தொல்லை என்றால் இரண்டு வேளை கீரை, ஒரு கொய்யா, நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். இரண்டு மூன்று நாளில் சரியாகும்.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியில் பாதி நியாயம் இருக்கிறது. ரசம் கொழுப்பைக் கரைக்காது. வெந்த கொள்ளில் புரதமும் நாரும் உண்டு, அதனால் வயிறு நிறையும். ஆகவே வடித்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போடாதீர்கள். மாட்டுக்குத்தான் நல்லது நடக்கும்.

அப்பாவுக்கு 64 வயது. கிளைமிபிரைடு மாத்திரை எடுக்கிறார். வெறும் வயிற்றில் 140 இருந்த சர்க்கரை இப்போது 210. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்கிறார்.
– வாசகர், ஒரத்தநாடு

இன்றே தடுத்துவிடுங்கள். கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். சாப்பிடாமல் இரட்டை மாத்திரை போட்டால் நள்ளிரவில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறலாம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை எப்போதும் போல, சாப்பாடு மேலே சொன்ன அளவில். மீதியிருக்கும் சர்க்கரைப் பொங்கல் அவர் கண்ணில் படாமல் போகட்டும். வெல்லம்தானே, சீனி இல்லையே என்ற சமாதானம் செல்லாது. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கரும்புச்சாறு ஒரு டம்ளரில் 30 கிராமுக்கு மேல் இருக்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி நாலு நாளில் பெரிதாக நகராது, பயம் வேண்டாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் 200-லேயே நின்றாலோ, இடையில் 300-ஐ இரண்டு முறை தாண்டினாலோ மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும்.

பொங்கலன்று வைத்த பலகாய்க் குழம்பைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி நாலு நாள் வைத்திருக்கிறோம். பழைய சோற்றுக்கு அதுதான் ருசி. சாப்பிடலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

ருசியில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு சுண்டலிலும் தண்ணீர் மட்டும்தான் போகிறது. உப்பு அப்படியே நிற்கிறது. இரண்டு லிட்டர் குழம்பு ஒரு லிட்டரானால் ஒரு கரண்டியில் உப்பு இரு மடங்கு. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உடம்பு நீர் வடியக் காத்திருக்கும் வாரத்தில் இது வேண்டாத வேலை. முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்க வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

பழைய சோறு நல்லதுதான், தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்திருந்தால். ஆறியதும் சோறு மூழ்கத் தண்ணீர் விட்டு மூடி, தைப் பனியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். இளம் புளிப்பு வாசம் வர வேண்டும். பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோறு வேறு சங்கதி. அதில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடு செய்தாலும் அழியாது.

மாட்டுப் பொங்கலுக்குக் கறி, ஈரல், கொஞ்சம் பீரும். மறுநாள் இரவு வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கித் துணி பட்டாலே வலிக்கிறது.
– வாசகர், பட்டுக்கோட்டை

யூரிக் அமில வாதத்தின் சாயல். ஈரலும் பீரும் சேர்ந்தால் இது வர வாய்ப்பு அதிகம். விரதம் இருந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். பட்டினியில் யூரிக் அமிலம் வெளியேறுவது குறைந்து வலி கூடும். தண்ணீர் நிறையக் குடித்து, காலை உயர்த்தி வைத்து, நாளைக் காலையே மருத்துவரைப் பாருங்கள். கையிலிருக்கும் வலி மாத்திரையை நீங்களாகப் போட வேண்டாம், சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் தர வேண்டும். காய்ச்சலும் இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

பொங்கல் சீராக வந்த பூவன் தார் மொத்தமாகப் பழுத்துவிட்டது. வீட்டில் மூன்று பேர். வீணாகிறதே என்று ஆளுக்கு எட்டுப் பழம் போகிறது.
– வாசகி, திருக்காட்டுப்பள்ளி

பூவன் பழம் ஒன்று 60, 70 கலோரி. எட்டு தின்றால் இரண்டரை டம்ளர் சோறு. ஆளுக்கு இரண்டு போதும், அதுவும் வேளைச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் அவருக்கு மருத்துவரைக் கேட்டுத்தான்.

அடுத்த முறை தாரை முழுசாகத் தொங்கவிடாதீர்கள். மேல் சீப்புதான் முதலில் பழுக்கும். அது மஞ்சளாகத் தொடங்கும்போதே மேலிரண்டு சீப்பை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மற்றதைக் காயாகவே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இப்போது பழுத்து நிற்பதை உரித்து, துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்தால் மோரோடு அடித்துக் குடிக்க ஆகும். சர்க்கரை சேர்க்க வேண்டியிருக்காது.