ஆறு ப்ராஜெக்ட், ஆறு விதமான விதிகள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஆறு ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்கள் உள்ளன, ஒவ்வொன்றிலும் ஈஎஸ்லின்ட் (நிரலைச் சோதிக்கும் கருவி) விதிகள் வேறு. மூன்று வரித் திருத்தத்தை ரிவ்யூவுக்கு அனுப்பினால், சேமிக்கும்போதே எடிட்டர் மேற்கோள் குறிகளை மாற்றிவிடுவதால், நானூறு வரிகள் மாறியதாகக் காட்டுகிறது. பொதுவான விதிகளை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இஃப் நிபந்தனைக்குள் மூன்று சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் விழுந்துவிட்டால், நிரல் ஒப்பிடாமல் மதிப்பையே மாற்றிவிடும். இத்தகைய பிழையைக் காட்டிக்கொடுப்பது ஈஎஸ்லின்ட் போன்ற லின்டர். (1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் சி மொழிக்காக உருவாக்கிய லின்ட் என்ற கருவியிலிருந்து வந்த பெயர் இது.) மேற்கோள் ஒற்றையா இரட்டையா, வரி எங்கே உடைய வேண்டும் என்பவை நிரலின் தோற்றத்தைச் சீராக்கும் ஃபார்மேட்டரின் பொறுப்பு. அவற்றை முழுமையாகப் பிரிட்டியர் என்ற ஃபார்மேட்டரிடம் விட்டுவிடுங்கள்; ஈஎஸ்லின்ட் குழுவினரே 2023இல் தங்கள் கருவியிலுள்ள வடிவமைப்பு விதிகள் இனிப் பராமரிக்கப்படமாட்டா என்று அறிவித்துவிட்டார்கள்.

அடுத்து, விதிக்கோப்பை ஆறு இடங்களில் நகலெடுத்து வைக்காமல், தனி என்பிஎம் பேக்கேஜாக்கி (ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்களில் நிறுவிக்கொள்ளும் தொகுப்பு), எல்லா ப்ராஜெக்ட்களும் அதையே பயன்படுத்தும்படி செய்யுங்கள். பிரிட்டியரின் பதிப்பு எண்ணைத் துல்லியமாகக் குறிப்பிடுவது முக்கியம். சின்னஞ்சிறு பதிப்பு மாற்றம்கூட வரி உடையும் இடத்தை மாற்றக்கூடும் என்பதால், இருவர் கணினியில் இரு பதிப்புகள் இருந்தால் நானூறு வரித் தொல்லை திரும்ப வந்துவிடும்.

பழைய நிரலை மாற்றுவதில்தான் மிகுந்த கவனம் தேவை. திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்கள் (இணைக்கக் காத்திருக்கும் திருத்தங்கள்) குறைவாக உள்ள ஒரு நாளில், வடிவமைப்பை மட்டும் மாற்றும் ஒரே கமிட்டாக (கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரே பதிவாக) அதைச் செய்யுங்கள். வேறு எந்தத் திருத்தத்தையும் அதில் கலக்காதீர்கள். அந்த கமிட்டின் அடையாள எண்ணை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் கிட்டுக்குச் சுட்டிக்காட்டினால், கிட் 2.23 (2019) முதல் உள்ள வசதியின்படி, பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பட்டியல்) பார்க்கும்போது அதைத் தாண்டி, வரியை உண்மையில் எழுதியவரையே கிட் காட்டும். இதைச் செய்யாமல் விட்டால், மாறிய வரிகள் எல்லாம் வடிவமைத்தவரின் பெயரிலேயே தெரியும்.

கமிட் ஹூக்கை (கமிட் செய்யும்போது தானாக ஓடும் சோதனை) மட்டும் நம்ப வேண்டாம். ‘நோ வெரிஃபை’ என்று சேர்த்தால் அதைத் தாண்டிவிடலாம். சோதனை சிஐயிலும் (அனுப்பப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் சர்வரில் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஓட வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பத்துப் பதினைந்து லின்ட் விதிகள் போதும். அவற்றை எச்சரிக்கையாக வைக்காமல் பிழையாகவே வையுங்கள், ஏனெனில் எச்சரிக்கைகள் இருநூறாகப் பெருகியபின் ஒருவரும் அவற்றைப் படிப்பதில்லை.