மின்கட்டமைப்பு போன்ற இன்றியமையாத அமைப்புகளின் பலவீனம் எது? அவற்றைக் காப்பது எப்படி?

பல பத்தாண்டுகள் உழைப்பதற்காக வடிவமைக்கப்பட்ட பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளை, போதிய பாதுகாப்பின்றிப் பின்னாளில் வெளி வலையமைப்புகளோடு இணைத்ததே முதன்மையான பலவீனம். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில், மின் விநியோக ஊழியர்களின் கண்முன்னே இணையவழி ஊடுருவியவர்கள் தொலைவிலிருந்து இயக்க, திரையில் சுட்டி தானாக நகர்ந்து மின்னிணைப்புகளைத் துண்டித்தது. சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் நின்றுபோனது. சில மணி நேரத்தில் அது மீண்டதற்குக் காரணம், துணைமின் நிலையங்களுக்கு நேரில் சென்று கையால் இயக்கத் தெரிந்த ஊழியர்கள் இருந்ததுதான். தானியங்கி முறை வந்துவிட்டதென்று அந்தத் திறனைக் கைவிடுவதைப் பெருந்தவறாகவே கருதுகிறேன். 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய்த்தடத்தை நிறுத்தவைத்த தாக்குதலுக்கு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் முறை) இல்லாத பழைய கணக்கொன்றின் கடவுச்சொல்லே வழிவிட்டது. ஆகவே பயன்படாத கணக்குகளை உடனே முடக்குவதும், அலுவலக வலையமைப்பிலிருந்து கட்டுப்பாட்டு வலையமைப்பைப் பிரித்து வைப்பதும் முதல் வேலைகள். உதிரி மின்மாற்றிகளும் இருப்பில் வேண்டும். பெரிய மின்மாற்றியைப் புதிதாகச் செய்து வாங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.